ஓர் எழுத்துப் பிழை

"மறுபடியும் N. அமீனா! ஏம்ப்பா நூர் பாஷா, இந்த மெஷினுக்கும் அந்தப் புள்ளைக்கும் என்னப்பா பகை?"

செயலாளர் தீர்த்தகிரி பிரிண்டர் கக்கிய தாளை மேசை மேல் போட்டார்.

பாலக்கோடு தக்காளி விவசாயிகள் சங்கத்துக்குச் சேலத்திலிருந்து கம்ப்யூட்டரும், அதை ஓட்ட நூர் பாஷாவும் வந்த புதிது. எண்பத்தெட்டாம் வருடம். உறுப்பினர்கள், ஊழியர்கள் எல்லோருடைய பெயர்களையும் டைப்பிஸ்ட் அமீனாதான் உள்ளே ஏற்றியிருந்தாள். அவரவர் எழுதிக் கொடுத்தபடியே ஏற்றியதால் சிலருக்கு இனிஷியல் முன்னால் இருந்தது, சிலருக்குப் பின்னால், சிலருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்டு. அதையெல்லாம் பிரித்துத் தனிக் கட்டத்தில் போட நூர் பாஷா ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். மாது, மாரப்பன், சாலம்மாள் என்று ஊரே ஒழுங்காக வந்தது. அமீனாவுக்கு மட்டும் A வர வேண்டிய இடத்தில் N.

"அவங்கப்பா அப்துல் ரஷீத். டெய்லரு. பாலக்கோட்டுக்கே தெரியும், உன் மெஷினுக்குத் தெரியலையா?"

"அமீனாங்கற பேருக்குள்ள ஒரு N வருதுங்க சார். புரோகிராம் அதை உருவி முன்னால வெச்சிடுது போல."

"அப்ப கோவிந்தன்ல N இல்லியா?"

நூர் பாஷா தாளை எடுத்துக் கோவிந்தன் பெயரைத் தேடினான்.

"மத்தியானத்துக்கு மேல தலைவர் வர்றாரு. டைப்ரைட்டரே போதும்னு அன்னிக்கே சொன்ன மனுசன். ஒரு பேரு தப்பா இருந்தாலும் மெஷினையும் உன்னையும் ஒரே லாரியில ஏத்தி சேலத்துக்கே திருப்பி அனுப்பிடுவாரு, ஆமா!"

நூர் பாஷா மறுபடியும் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மா வேறு போன வாரம்தான் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கி வைத்திருந்தாள். வேலை போனால் அதுவும் போச்சு.

N-ஐ அழித்து A போட்டான். புரோகிராமில் சந்தேகப்பட்ட வரியை மாற்றி எழுதினான். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மாவுக்கு ஓடினான். தொழுகையிலும் அந்த ஓர் எழுத்துதான் கண்ணுக்குள் நின்றது, பாவம்.

திரும்பி வந்தபோது அமீனா முக்காட்டைச் சரிசெய்தபடி கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். புரோகிராமை ஓட்டினான். பிரிண்டர் கறகறவென்று அடித்து முடித்தது.

N. அமீனா.

"போச்சு! எந்த வரியில தப்புன்னே புரியலைங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரொம்ப நேரமா மண்டைய ஒடைச்சுக்கறீங்க" என்றாள் அமீனா. சிரிப்பை அடக்குகிறாள் என்பது கூடப் புரியாத அளவுக்கு அவன் புரோகிராமுக்குள் மூழ்கியிருந்தான்.

வெளியே ஜீப் சத்தம். தீர்த்தகிரி வாசலுக்கு ஓடினார். "தலைவர் வந்துட்டாருப்பா! சீக்கிரம்!"

"புரோகிராம் நாசமாப் போகட்டும். அந்த எழுத்தை மட்டும் கையால மாத்திடறேன்" என்று கீபோர்டில் கை வைத்தான்.

"புரோகிராமைத் திட்டாதீங்க. அதுல ஒரு தப்பும் இல்ல" என்றாள் அமீனா மெதுவாக. "ஒவ்வொரு வாட்டியும் நீங்க எந்திரிச்சுப் போனதும் நாந்தான் N அடிச்சேன்."

"நீங்களா? ஏங்க? என் பொழப்பே போயிருக்குமே!"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கீபோர்டைத் துடைத்த துணியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"தலைவருக்கு A-ன்னே அடிச்சுக் குடுத்துடுங்க. போன வாரம் எங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாங்களே உங்கம்மா, அவங்ககிட்ட மட்டும் N-ன்னு சொல்லிடுங்க."