சல்லடையில் தங்கிய பின்னூட்டம்

வாகீசனின் வலைப்பூவில் போலிக் கணக்குகள் ஈயாய் மொய்த்ததால், 'சல்லடை' என்ற காவல் செயலியை நிறுவினார். மனிதர் எழுதியதுபோல் தெரியாத எதையும் அது விட்டுவைக்காது.

முதல் நாளே, 'அருமையான பதிவு, வாழ்த்துகள்' என்று எழுதிய அத்தனை பேரையும் விரட்டியது. வாகீசனுக்குப் பரம திருப்தி. மறுநாள் அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. பத்து வருடமாக எல்லோருக்கும் 'நன்றி நட்பே, தொடர்ந்து வாருங்கள்' என்றே பதில் எழுதியவர் மனிதராக இருக்க வாய்ப்பில்லையாம். கூட வசிக்கும் ஒருவர் மாலைக்குள் சான்று எழுதாவிட்டால், எழுதியதெல்லாம் அழிந்துவிடுமாம்.

"மங்கை, நான் மனுஷன்தான்னு ஒரு வரி எழுதிடும்மா," என்று மனைவியிடம் கெஞ்சினார்.

மங்கையர்க்கரசி நன்றாக யோசித்து, 'அருமையான மனிதர், வாழ்த்துகள்' என்று எழுதினாள். சல்லடை அவளையும் போலி என்றது.

"யாரைப் பாத்துப் போலிங்குது?" என்று கீபோர்டைப் பிடுங்கித் தட்டினாள்: 'மழை வருது, மாடியில துணி காயுதுன்னு தொண்டை வத்தக் கத்திட்டேன். காதுலயே வாங்காம கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுவுறாரு. இந்த மனுஷனோட...'

அவள் முடிப்பதற்குள் திரையில் பச்சை எழுத்து வந்தது. 'இருவரும் மனிதர்கள். கணவன் மனைவி என்பதும் உறுதி.'

வலைப்பூ திறந்தது. மங்கை எழுதிய சான்றே பின்னூட்டமாகி, அது ஒன்றுதான் அதில் மிஞ்சியிருந்தது. பழக்க தோஷத்தில் 'நன்றி நட்பே' என்று தட்டப்போன வாகீசன், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு துணி எடுக்க மாடிக்கு ஓடினார்.