உறைப்புக்கு வந்த வேர்வை

பதினொரு வருஷத்துக்குப் பிறகு தம்பி கேதீஸ் ஹூஸ்டனிலிருந்து வருகிறான் என்றதும், பாரிஸில் தனியாக இருந்த தவமலர் ஒரு நாள் வாடகைக்கு ஏசி எடுத்து, வீட்டை இருபத்தொரு டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அமெரிக்கப் பயணிகளின் உடம்பைக் கண்காணிக்கப் பயணக் கம்பெனி மாட்டிவிடும் கைப்பட்டி அதற்கு மேல் பொறுக்காது. ஆள் அவஸ்தைப்படுகிறான் என்று தானே முடிவுகட்டி, குளிரான ஹோட்டலுக்குக் கூட்டிப்போக வண்டியைக் கூப்பிட்டுவிடும்.

ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நடுங்கி நடுங்கி அவள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டும் இறாலும் போட்டு, உறைப்புத் தூக்கலாக. சின்ன வயசில் அவனுக்கு அதென்றால் உயிர்.

"அப்பிடியே அம்மாவின்ர கை, அக்கா," என்றான் கேதீஸ், இரண்டாவது மிடறில். மூக்கு ஒழுகியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது.

கைப்பட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயோ, இது உறைப்புக்கு வந்த வேர்வையடா! அதுக்குச் சொல்லு!"

"சொன்னாலும் கேக்காதக்கா. வண்டி வந்து நான் ஏறாட்டி, திரும்பிப் போற டிக்கெட்டையே ரத்துச் செய்துபோடுவாங்கள்."

"அப்ப நாளைக்கு வாவன்."

"நாளைக்கு ரோம், அக்கா."

நாலு நிமிஷத்தில் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அவன் மிச்சம் வைத்த கூழையும் சேர்த்துத் தவமலரே குடித்தாள். உறைப்பு உச்சிக்கு ஏறியது. முகம், கழுத்து, முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. துடைக்காமல், கதவைப் பார்த்தபடி கனநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை.