செவுள் பார்த்தவள்

மதியம் பன்னிரண்டு பத்துக்கு, ஊரே பேசும் அந்த ஜப்பானிய உணவகத்துக்குள் தேசம்மாள் நுழைந்தாள். காசிமேட்டில் முப்பது வருடமாக மீன் விற்பவள். பச்சை மீனை இவ்வளவு விலைக்குத் தருவது ஏமாற்று வேலை என்று சொல்லி, மகள் ரெஜினா இங்கே சமையல்காரியான இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வராதவள்.

ரெஜினா அவள் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். விரல் நீளச் சோற்றுருண்டையின் மேல் சங்கரா மீனின் மெல்லிய துண்டு. அந்த விலைக்குத் தேசம்மாள் இரண்டு முழு மீன் கொடுப்பாள்.

"செவுளக் காட்டு" என்றாள்.

பக்கத்து மேசைகள் திரும்பின. மேலாளர் விரைந்து வந்தார். "அம்மா, இங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க."

"கேக்காம துன்றவங்களுக்குக் காட்டாத. நான் கேக்குறேன்."

ரெஜினா உள்ளே போய், வெட்டிய மீனின் தலையைக் கொண்டுவந்தாள். சந்தையில் தேசம்மாள் செய்வது போலவே கட்டைவிரலால் செவுளைத் தூக்கினாள். ரத்தச் சிவப்பு; புது மீன்தான்.

தேசம்மாள் துண்டை வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்று விழுங்கினாள். பிறகு, எல்லா மேசைக்கும் கேட்கும்படி மேலாளரிடம் சொன்னாள்:

"இன்னா சார், எம் பொண்ணு கைப்பக்குவத்துக்கு இந்த வெல போதுமா?"