கேமராவுக்குக் கூலிங் கிளாஸ்

உச்சி வெயில் பூங்காவின் புல்லையே வறுத்துக்கொண்டிருந்தது. மணக்கோலத்தில் தனியாக நின்ற மகன் வேர்வையில் பாதி ஆளாகக் கரைந்துவிட்டான் என்றே அம்மாவுக்குத் தோன்றியது.

"காலையில வந்த போட்டோக்காரர் எடுத்ததுல எல்லாம் இவன் முகம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துப்போச்சு. இதுவும் அப்படித்தானா?"

"வெளுக்காது. கறுப்பு பில்டர் மாட்டியாச்சு."

குரல், ஸ்டாண்டில் நின்ற கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணிக்குள்ளிருந்து வந்தது. வெயிலில் திரை தெரியாதென்று போட்டோகிராபர் தலையை மூடிக்கொண்டிருந்தார்.

"கேமராவுக்கும் கூலிங் கிளாஸா?"

"ஆமா. அதுக்குக் கண் கூசாம இருந்தாத்தான் பின்னால இருக்கிற குப்பைத்தொட்டி மங்கி, முகம் மட்டும் பளிச்னு நிக்கும்."

"எல்லாம் சரி, பக்கத்துல பொண்ணு இல்லாம என்ன கல்யாணப் படம்? எவ்வளவு நேரம்தான் நிப்பான் என் பிள்ளை?"

"இதோ, வந்தாச்சு!"

கறுப்புத் துணி பறந்தது. கல்யாணப் புடவையைத் தூக்கிப் பிடித்து, மூன்றே தாவலில் மாப்பிள்ளையின் கையைக் கோத்துக்கொண்டாள் போட்டோகிராபர்.

"என் கல்யாணத்தை இன்னொருத்தரை நம்பி விட்டது போதும். அந்தப் பட்டனை அமுக்குங்க, அத்தை!"

மறுபேச்சில்லாமல் அமுக்கினாள் அத்தை. மருமகள் சொல்லி மாமியார் கேட்டதற்கு உலகத்திலேயே இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம்தான்.