வந்து சேராத பெயர்கள்
புயல் ஓய்ந்த காலை, லெய்தே தீவின் நகராட்சிக் கூடம். நான்கு நிவாரண முகாம்களில் பிழைத்திருப்பவர்களின் பட்டியல்களையும் ஒரே நேரத்தில் படிக்க அமிஹான் எழுதிய கணினி நிரல் நான்காகப் பிரிந்து ஓடி முடிக்கிறது. திரையில் வெறும் பூஜ்யம். எதிரே ஈரச் சட்டையோடு படகோட்டி நெஸ்தோர், மனைவியைத் தேடி வந்தவர். "ஒருத்தர்கூடப் பிழைக்கலையா, தங்கச்சி?" அமிஹான் நிரலை வரிவரியாகப் பார்க்கிறாள். பிரிந்த ஒவ்வொரு கிளையும் பட்டியலின் தன் நகலில் பெயர்களைச் சேர்த்துவிட்டு அதோடு மறைந்துவிடுகிறது. தாய் நிரலின் பட்டியல் காலியாகவே கிடக்கிறது. "இருக்காங்கண்ணே. பேரு இங்க வந்து சேரல, அவ்வளவுதான்." கிளைகள் கண்ட பெயர்களைத் தாய்க்கு அனுப்பும்படி ஆறு வரி சேர்த்து ஓட்டுகிறாள். ஜெனரேட்டர் உறுமலுக்கு நடுவே திரை நிரம்புகிறது. ஒரு வரியை அவள் உரக்கப் படிக்கிறாள்: "எர்லிண்டா, பள்ளிக்கூட முகாம், வயசு நாற்பத்தஞ்சு." நெஸ்தோர் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரிக்கிறார். "அஞ்சு வயசக் கொறச்சிருக்கா. அவளேதான்!"