கோஸுக்கு வைக்கோல் பாய்

இன்றிரவு உறைபனி விழும் என்று வானொலி சொன்னதும், தோக்சு வைக்கோல் பாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியுடன் கிளம்பினார். கிம்ச்சி ஊறுகாய்க்கான முட்டைக்கோஸ் இன்னும் தோட்டத்தில்தான் நின்றது. உறைந்துவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கிம்ச்சி கிடையாது.

"விளக்கை அணை," என்றார்.

"இருட்டிட்டு வருதேங்க."

"யாராவது பார்த்தா குடும்ப மானம் போயிடும்."

"கோஸை மூடினா மானம் போகுமா? நல்லா இருக்கு கதை."

"மூடிடுறேன்னு தலையாட்டிட்டு, மறந்துபோய் டவுனுக்குப் போயிட்டா உன் பொண்ணு. இப்ப போன்ல அழுறா. வளர்த்த லட்சணத்தைப் பாருன்னு ஊர் சொல்லாதா?"

"மறதி உங்க வம்சத்துச் சொத்து. எங்க பக்கம் யாருக்கும் கிடையாது."

கடைசி வரிசையை மூடும்போது வேலிப் பக்கம் காலடி கேட்டது. இருவரும் குனிந்துகொண்டார்கள்.

வந்தவர் சாங்தே. அவர் தோளிலும் வைக்கோல் பாய்கள்.

"சம்பந்தி, என் தோட்டத்துல என்ன பண்றீங்க?"

தோக்சு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சம்பந்திக்கு உரிய முறைப்படி இடுப்பை வளைத்து வணங்கினார். முழங்காலெல்லாம் மண்.

"சும்மா, காலாற நடந்துட்டு இருந்தோம்."

"பாயைத் தூக்கிட்டா?" சாங்தேயும் அதே முறையில் வணங்கினார். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க. மருமக மூட மறந்தது என் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா வசந்தம் வரைக்கும் அவ புலம்பலை நான்தான் கேட்கணும். அந்த முனையைப் பிடிங்க."