குறையாத சோப்பு

"இந்த வாரமும் நூறு கிராம்தான். ஒரு மாசமா ஒரு கிராம்கூடக் குறையலை" என்றாள் தேவிப்பிரியா. இப்போதுதான் எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் சோப்பை எடை போட்டுவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"கைக்குழந்தை இருக்கிற வீடு. கையே கழுவுறதில்லை போல."

"பார்த்தாலே தெரியலையா" என்றேன் நான்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் மட்டும் பன்னிரண்டு கைக்குழந்தைகள். அம்மாக்கள் கை கழுவினால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைகிறதா என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி செய்கிறது. அதற்காக வீட்டுக்கு ஒரு மல்லிகை வாசனைச் சோப்பு. செவ்வாய்க்கிழமைதோறும் தேவிப்பிரியா ஸ்கூட்டரில் வந்து குழந்தையை எடை போடுவாள். அப்புறம் சோப்பையும் எடை போடுவாள்.

ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டாள். சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். சோப்பைக் கொடுக்கும்போதுகூட, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றதோடு சரி. ஆனால் சோப்பு கரைந்திருந்தால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதை வைத்தே எனக்கு ரெண்டாவது வாரம் விஷயம் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் என்னிடம் மட்டும் அவள் மறைப்பதில்லை.

"உங்களுக்கு இது மூணாவது சோப்பு, பானுப்பிரியா. எங்க லிஸ்ட்லயே நீங்கதான் முதல்" என்றாள்.

நான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன்.

"ஆனா உங்க பாப்பாவுக்கு ரெண்டு தடவை வயித்தால போயிருக்கே?"

"லாரித் தண்ணிம்மா" என்றேன்.

"அதே தண்ணிதானே அங்கயும்? கன்னியம்மா பையன் பரத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. அதான் எனக்குப் புரியலை." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "சரி, விதின்னு ஒண்ணு இருக்கு. நாலு வாரம் சோப்பு அப்படியே இருந்தா பேரை எடுத்துடணும்."

எனக்குச் சுருக்கென்றது. பேர் போனால் டாக்டரும் போய்விடுவார். இந்த ஆராய்ச்சியில் இருக்கிறவரைக்கும் குழந்தைக்கு ஒன்று என்றால் ஒரு போன் போதும், டாக்டரே வீட்டுக்கு வந்துவிடுவார். பரத் எட்டாம் மாதத்தில் ஒன்றே முக்கால் கிலோவாகப் பிறந்த குழந்தை. இப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது.

போன வாரமே கன்னியம்மாவிடம் சொன்னேன், "கையைக் கழுவுடி. சின்ன உசுரு, பாவம்" என்று.

"கயுவிக்கினுதான் கீறேன்க்கா" என்றாள், வாய் கூசாமல்.

தேவிப்பிரியா படிவத்தோடு எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"கன்னியம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்களை ஆராய்ச்சியிலேர்ந்து எடுக்கிறோம்."

கன்னியம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நானு இன்னா தப்பு பண்ணேன்மா?"

"சோப்பு குறையவே இல்லையே."

"ஆமா" என்றாள் கன்னியம்மா. "ஒரு கிராம்கூடக் கொறைய வுடலியே."

உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். அதற்குள் பிளாஸ்டிக் கவர். அதற்குள் சோப்பு, நேற்று வாங்கினது மாதிரி.

"நீ வாராவாரம் வந்து எடை போட்டு எயுதிக்கினு போற. கொயந்த எடை ஏறணும், சோப்பு எடை எறங்கக் கூடாது. அதானே கணக்கு? காலேஜு சோப்பாச்சே, ஆராய்ச்சி முடிஞ்சதும் அப்டியே திருப்பிக் குடுக்கணும்னு பத்திரமா வச்சிக்கினு கீறேன்."

தேவிப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்போ கையை எதுல கழுவுறீங்க?"

கன்னியம்மா பின்வாசலைக் காட்டினாள். தண்ணீர் டிரம்முக்கு மேலே ஆணியில் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் நுனியில் துளை போட்ட துணி சோப்பு, வெற்றிலை மாதிரி தேய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில நர்சம்மா சொன்னாங்க. கொறமாசத்துப் புள்ள, கை கயுவாம தொட்டுறாதேன்னு. இந்த மாசத்துல இது நாலாவது. கயிறு கட்டலைன்னா எங்க ஊட்டுக்காரரு தூக்கிக்கினு பூடுவாரு."

தேவிப்பிரியா படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். "உங்க பேரை எடுக்க மாட்டேன். மேடத்துகிட்ட நானே பேசிக்கிறேன்."

"அப்போ டாக்டரு வருவாரா?"

"வருவார். ஆனா இனிமே இந்தச் சோப்பை எடுத்துக் கழுவுங்க. குறையட்டும்."

"நெசமாவா?" என்று கன்னியம்மா சோப்பை மோந்து பார்த்தாள். "நீ எயுதிக் குடு. அப்பால யாரும் கேக்கக் கூடாது."

தேவிப்பிரியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "பானுப்பிரியா, அப்போ உங்க வீட்டுல மூணு சோப்பு..."

"அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்மா" என்று நான் தெருவைத் தாண்டிவிட்டேன்.

வாசலில் என் வீட்டுக்காரர் ஜெகதீஷ், ரெண்டாவது ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், பைக்கைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நுரை பொங்கி வழிய, தெருவே மல்லிகையாக மணந்தது. பக்கெட்டில் கையை விட்டுத் துழாவிச் சோப்பை வெளியே எடுத்தேன்.

"ஏய் பானு, பின் சக்கரம் இன்னும் பாக்கி கீது" என்றார்.

தண்ணீர் டிரம்மிடம் போய், அந்தச் சோப்பில் முதல் தடவையாக என் கையைக் கழுவினேன்.